பாதியில் விடலாமா? ரீயூனியனில் மொழிப்பள்ளி வேலை

9 மார்ச் 2025, ஒரு வாசகரின் கேள்வி

அக்கா, நான் கும்பகோணத்துக்காரன், இந்தியப் பாஸ்போர்ட். போன செப்டம்பர் 2 முதல் இந்தப் பிரெஞ்சுத் தீவின் வடக்கில் ஒரு தனியார் மொழிப்பள்ளியில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒப்பந்தம் ஜூலை 31 வரை. கராங்ஸ் புயலுக்குப் பிறகு பள்ளி இன்னும் திறக்கவில்லை, மூடியிருக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது. வாரத்துக்கு 26 மணி நேரம் வகுப்பு, பாடம் தயார் செய்யும் நேரத்துக்குக் காசில்லை. போதும் என்றாகிவிட்டது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாமா? நீங்களும் போன வருடம் இப்படித்தான் விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

9 மார்ச், இரவு

விடு தம்பி. யோசிக்காதே. ஒரே வரியில் எழுது, இன்ன தேதியோடு விலகுகிறேன் என்று. காரணம் ஒன்றும் எழுதாதே, நான் இரண்டு பக்கத்துக்குக் காரணம் எழுதி அசிங்கப்பட்டேன். ரெக்கொமாந்தே என்கிற பதிவுத் தபாலில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்பு. மீதி நாளை, கரண்ட் இப்போதுதான் வந்தது, துணி மலைபோல் கிடக்கிறது.

10 மார்ச், காலை

நேற்று எழுதியதை அழிக்காமல் வைக்கிறேன், நான் எவ்வளவு அவசரக்காரி என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும். ஆனால் அதன்படி செய்துவிடாதே.

காபி குடித்துக்கொண்டே உன் கேள்வியை மறுபடி படித்தபோதுதான் 'ஜூலை 31 வரை' என்பது கண்ணில் பட்டது. உன்னுடையது கெடு வைத்த ஒப்பந்தம், இவர்கள் சொல்லும் சேதேதே. என்னுடையது கெடு இல்லாதது, சேதேஈ. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் சட்டம் நேரெதிர். சேதேஈயில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யலாம், நோட்டீஸ் காலத்தைக் கழித்தால் போதும். சேதேதேயில் ராஜினாமா என்ற பேச்சே கிடையாது. முதல் சில வாரங்களின் சோதனைக் காலம் தாண்டிவிட்டால் கெடு முடியும்வரை முதலாளியும் உன்னை அனுப்ப முடியாது, நீயும் போக முடியாது. நடுவில் வெளியேற நாலைந்து வாசல்தான்: இரண்டு பேரும் சம்மதித்து எழுதிக் கையெழுத்துப் போடுவது, எதிர்த்தரப்பின் கடுமையான தவறு, உடல்நிலை ஒத்துவராது என்று பணியிட மருத்துவர் எழுதுவது, யார் கையிலும் இல்லாத பேரிடர், அப்புறம் வேறு இடத்தில் சேதேஈ வேலை கிடைப்பது. இவை எதுவும் இல்லாமல் நீ பாட்டுக்குப் போனால் பள்ளி உன்மேல் நஷ்ட ஈடு கேட்கலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம், கேட்கலாம்.

ஊரில் நமக்கு இந்தப் பழக்கமே இல்லை. புதுச்சேரியில் நான் வேலை பார்த்த டுடோரியலில் ஒரு வாத்தியார் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை, சாயங்காலம் அவர் தம்பி வந்து டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். நோட்டீஸ் என்றால் அதுதான்.

10 மார்ச், மதியம்

இன்னொரு விஷயம். கெடு முடிந்து போனால் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் தனியாகக் கொடுக்க வேண்டும். நீயாகப் பாதியில் முறித்தால் அது கிடையாது. எடுக்காத லீவுக்கான காசு எப்படிப் போனாலும் உண்டு. செப்டம்பரிலிருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார், கோபம் கொஞ்சம் ஆறும்.

12 மார்ச்

நீங்கள் எப்படி விட்டீர்கள், முழுசாகச் சொல்லுங்கள் என்கிறாய். சரி.

2021 ஆகஸ்டில் சேர்ந்தேன். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது 1962-ல் கொடுத்த ஆறு மாத அவகாசத்துக்குள் என் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர், அந்தக் கையெழுத்தின் வட்டியில்தான் எனக்குப் பாஸ்போர்ட். அதனால் விசாக் கவலை இல்லாமல் சேன் தெனியில் வந்து இறங்கினேன். பள்ளி ஒரு மாடியில், கீழே மருந்துக்கடை. மாணவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்: நர்ஸுகள், ஹோட்டல்காரர்கள், துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவர்கள், மொரீஷியஸில் பெண் கொடுத்துவிட்டுச் சம்பந்தியோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று வந்த ஒரு பெரியவர். சம்பந்திக்கும் தீவு மொழியான கிரியோல் தெரியுமே, இரண்டு தீவுக் கிரியோலும் அவ்வளவு தூரமில்லையே என்று கேட்டேன். கல்யாணத்தில் கிரியோல் பேசினால் மரியாதையாக இருக்காதாம்.

முதல் இரண்டு வருடம் நன்றாகவே போனது. அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் பொய். லெ போர் என்ற துறைமுக ஊரில் ஒரு கம்பெனிக்குப் போய் வகுப்பெடுத்துவிட்டுக் கடலுக்கு மேலே கட்டிய அந்தப் புதுச் சாலையில் திரும்பும்போது, இதற்கும் ஒருத்தர் சம்பளம் தருகிறாரே என்று தோன்றிய நாட்கள் உண்டு. போகிற நேரத்துக்கும் வருகிற நேரத்துக்கும் அவர் சம்பளம் தரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

2024 மேயில்தான் கெட்டது. இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பயிற்சிக் கணக்கு இருக்கும், அதில் சேரும் பணத்தில் இலவசமாக ஆங்கிலம் படிக்க வருவார்கள், எங்கள் பள்ளியின் சோறே அதுதான். மே 2 முதல் படிக்கிறவர் கைக்காசு 100 யூரோ போட வேண்டும் என்று அரசாங்கம் ஆணை போட்டது. வேலை தேடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. 100 யூரோவில் என்ன இருக்கிறது என்று பாரிஸில் யாரோ நினைத்திருப்பார்கள். எங்கள் மாலை வகுப்பு ஒன்றில் பதினோரு பேர் இருந்தார்கள், ஜூனில் நாலு பேர்.

பத்ரோன், அதாவது பள்ளி முதலாளி, பயந்துவிட்டார். பயந்த மனிதர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீங்களே சொந்தமாகத் தொழில் பதிவு செய்துகொள்ளுங்கள், மணிக்கணக்கில் எனக்கு பில் அனுப்புங்கள், உங்களுக்கும் சுதந்திரம் என்றார். அதே அறை, அதே மாணவர்கள், அதே நேரம், அவர் போடும் அட்டவணை. ஆனால் லீவு கிடையாது, காய்ச்சல் வந்தால் காசு கிடையாது, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை ஊரே விடுமுறையில் இருக்கும்போது பட்டினி. இதற்கு இங்கே பெயரே உண்டு, வேஷம் போட்ட சம்பள வேலை என்பார்கள்.

செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. சம்மதமா இல்லையா என்று அவர் மூன்றாவது தடவை கேட்டார். வீட்டுக்கு வந்தேன், இரண்டு பக்கம் எழுதினேன், வராத சம்பளம், போன நேரம், காலண்டர் தேதிகளோடு. மறுநாள் காலை தபால் ஆபீஸ் மூடுவதற்குள் அனுப்பினேன். திங்கள்கிழமை அவர் கைக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து இரண்டு மாத நோட்டீஸ் ஓட ஆரம்பித்தது.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் தினமும் 'போன்ழூர்' சொன்னார். நானும் சொன்னேன். காபி மெஷின் பக்கத்தில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். என் வகுப்புகளை ஒவ்வொன்றாக வேறு ஆளுக்கு மாற்றினார்கள், கடைசி வாரம் நான் வெறும் அறையில் உட்கார்ந்து பழைய நோட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 23 வெளியே வந்தேன்.

13 மார்ச்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அதுதான் முக்கியம். என்னோடு இருந்த இன்னொரு டீச்சர், கடிதமும் எழுதவில்லை, பதிவும் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் "யோசிக்கிறேன் மெஸ்யே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மாதம் யோசித்தார். கடைசியில் பத்ரோனே அலுத்துப்போய், இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவது என்ற ஏற்பாட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டபின் மனம் மாற 15 நாள், அரசு அலுவலகம் பார்க்க இன்னும் 15 வேலை நாள், முடிந்தது. வருடத்துக்குக் கால் மாதச் சம்பளம் கணக்கில் ஈட்டுத்தொகை, அதோடு வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுமாதத்திலிருந்தே. ராஜினாமா செய்த எனக்கு இரண்டும் இல்லை. வாயைத் திறக்காதவள் பிழைத்தாள், நான் இரண்டு பக்கம் எழுதினேன்.

அவள் எனக்கு நல்ல சிநேகிதி, இதைப் படித்தால் சிரிப்பாள்.

16 மார்ச்

சேன் பியேரிலிருந்து ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார், எதற்கு இவ்வளவு தலைவலி, பேசாமல் நாளை முதல் போகாமல் இருந்துவிட்டால் அவர்களே நீக்கிவிடமாட்டார்களா, உதவித்தொகையும் வருமே என்று. வரும் என்ற காலம் ஒன்று இருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து, சேதேஈயில் இருப்பவர் சொல்லாமல் நின்றால் முதலாளி எழுத்தில் கூப்பிட்டுக் குறைந்தது 15 நாள் பார்ப்பார், நியாயமான காரணம் சொல்லாமல் அதற்குள் வராவிட்டால் தானே ராஜினாமா செய்ததாகக் கணக்கு. சேதேதேயில் இப்படிச் செய்தால் கடுமையான தவறு என்று நீக்கலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆக டிபன்பாக்ஸ் வழி இங்கே அடைபட்டுவிட்டது.

தம்பிக்கு: புயல் நாட்களின் சம்பளத்தைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை. பிப்ரவரி 28 ஊதா எச்சரிக்கை, ஆம்புலன்ஸ்கூட வெளியே வரக்கூடாத நாள், அன்று யார் வகுப்புக்குப் போக முடியும்? அதற்குப் பிறகான நாட்களில் கூரை சேதமாகிப் பள்ளியைத் திறக்க முடியவில்லை என்றால், பேரிடரைக் காரணம் காட்டி முதலாளி அரசாங்கத்திடம் பகுதி வேலையிழப்புக்கு விண்ணப்பிக்கலாம், அப்போது உனக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு வரும், அவருக்கு அரசு திருப்பிக் கொடுக்கும். விண்ணப்பித்தீர்களா என்று எழுத்தில் கேள். வாட்ஸப்பில் வந்ததை அழிக்காதே, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. தேதி தெரிய வேண்டும்.

23 மார்ச்

என்னை நானே மறுக்க வேண்டிய இடம்.

முதல் நாள் இரவில், காரணம் எதுவும் எழுதாதே என்றேன் அல்லவா. போன வாரம் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறு ஒரு வேலையாக. அங்கிருந்த அம்மாள் என் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இந்த முழுக் கதையிலும் நீ உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்றார். ஒற்றை வரி ராஜினாமா என்றால் நீயாக மனமுவந்து போனாய் என்று பொருள். முதலாளியின் தவறுகளைத் தேதியோடு எழுதிவிட்டுப் போனால், இவள் போகவில்லை, போக வைக்கப்பட்டாள் என்று ப்ருதோம் என்கிற தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வாதாட இடம் இருக்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்டால் அது ராஜினாமாவே இல்லை, நியாயமில்லாத பணிநீக்கம். ஒப்புக்கொள்ளாவிட்டால் வெறும் ராஜினாமாதான். பிரிந்த விதத்தை எதிர்க்க 12 மாதம், சம்பளப் பாக்கி கேட்க 3 வருடம்.

ஆறு மாதமாக எந்தக் கடிதத்தை நினைத்து ராத்திரி கூசிப்போனேனோ அந்தக் கடிதம். "இருந்தாலும் 'ஒட்டுண்ணி' என்ற வார்த்தை தேவையில்லை" என்று அந்த அம்மாள் சொன்னார். சரிதான்.

24 மார்ச்

இன்றோடு 121 நாள். ராஜினாமா செய்தவர் இத்தனை நாள் உண்மையாகவே வேலை தேடியதைக் காட்டினால் உதவித்தொகை அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். அனுப்பிய விண்ணப்பங்கள், வந்த மறுப்புகள், மூஃபியா பல்கலைக்கழகப் பக்கம் கம்பி வண்டியில் ஏறிப்போன இண்டர்வியூ டிக்கெட் உட்பட எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த பையன் என்னிடம் முன்பு படித்தவன். "கோமான் இ லே, மதாம்?" என்றான், எப்படி இருக்கிறீர்கள் என்று. "லே லா" என்றேன், ஏதோ இருக்கிறேன் என்று. வேறென்ன சொல்ல.

14 ஏப்ரல்

புத்தாண்டு. காளிகாம்பாள் கோயிலில் கூட்டம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மலபார், ரீயூனியனில் தமிழ் வம்சத்தாரை அப்படித்தான் சொல்வார்கள், தமிழ் ஒரு வார்த்தை பேசவராது, ஆனால் பாட்டை ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டு என்னைவிடச் சுத்தமாகப் பாடுகிறார். உன் கதையை, பெயர் சொல்லாமல், அவரிடம் சொன்னேன். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தவர். பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் 1860-ல் பேசி முடித்த ஏற்பாடு, இங்கே நடத்தும் லட்சணத்தைப் பார்த்து 1882-ல் பிரிட்டிஷாரே ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். "அதுவும் சேதேதேதான்" என்றார் பெரியவர், சிரிக்காமல். பிறகு கிராந்த் ஷலூப்பில் பழைய நோய்த்தடுப்புக் காவல் கட்டடங்கள் இருக்கின்றன, அந்தப் பையனை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றார். நீ வாரம் 26 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதை அதோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்கு இல்லை.

மற்றபடி பாயசத்துக்கு ஜவ்வரிசி கிடைத்தது. மாங்காய் கிடைக்கவில்லை, வேப்பம்பூ கேட்கவே வேண்டாம், ஆறு சுவையில் நாலு தேறியது.

4 மே

இரண்டு சேதி. என் கோப்பை ஏற்றுக்கொண்டார்கள், 122ஆவது நாளிலிருந்து கணக்குப் போட்டு உதவித்தொகை வருகிறது. பத்ரோன்மேல் வழக்குப் போடுவதா என்பதில் இன்னும் முடிவில்லை, காலையில் போடலாம் என்றும் மாலையில் போய்த் தொலையட்டும் என்றும் தோன்றுகிறது.

தம்பிக்கு சேன் பொலில் ஒரு பயிற்சி நிறுவனம் சேதேஈ தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. நான் சொன்ன வாசல்களில் கடைசி வாசல். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நாள் வீதம் நோட்டீஸ், உனக்கு 47 வாரம், ஆனால் 47 நாள் இல்லை, எவ்வளவு வந்தாலும் இரண்டு வாரத்தோடு நின்றுவிடும். வேலை தருகிறோம் என்ற கடிதத்தின் நகலைச் சேர்த்து அனுப்பு.

அனுப்பு என்று எழுதிவிட்டேன், மறுபடி அவசரம். இப்போதே அனுப்பாதே. உன் வசிப்பிட அனுமதி அட்டை ஏற்கெனவே இருக்கும் ஒப்பந்தத்தை வைத்துக் கொடுத்தது. புது முதலாளி உனக்காக வேலை அனுமதிக்கு விண்ணப்பித்து அது கையில் வரட்டும், அட்டை கொடுக்கும் அரசு அலுவலகமான பிரெஃபெக்த்யூரிலும் கேட்டுக்கொள், அதுவரை இருக்கிற நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. அங்கே தானே விட்டவனையும் வேலை பறிபோனவனையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. என் பாஸ்போர்ட்டோடு நான் குதித்தேன், நீ அப்படிக் குதிக்க முடியாது, இதை நான் மார்ச்சிலேயே முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

"தி பா தி பா நாரிவே" என்பார்கள் இங்கே, மெல்ல மெல்லப் போய்ச் சேர்வோம் என்று. நான் இதைச் சொன்னால் என் அம்மாவுக்குச் சிரிப்பு வரும்.

8 ஜூன்

அனுமதி வந்துவிட்டதாம். கடிதம் போன திங்கள்கிழமை போய்ச் சேர்ந்தது. ஏழு வரி, நான் திருத்திக் கொடுத்தேன், 'ஒட்டுண்ணி' இல்லை. மார்ச் மாதச் சம்பளப் பாக்கியைத் தனிக் கடிதமாக எழுதச் சொன்னேன், இரண்டையும் கலக்க வேண்டாம். கடைசி நாளில் மூன்று காகிதம் வாங்காமல் வராதே: வேலைச் சான்றிதழ், உதவித்தொகை அலுவலகத்துக்கான தாள், கணக்கு முடித்த சீட்டு. கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டாலும் அதில் எழுதியிருக்கும் தொகைகளை ஆறு மாதத்துக்குள் மறுக்கலாம், பயப்படாதே.

18 ஜூன்

முடிந்தது என்று எழுதியிருக்கிறான். மாணவர்கள் சர்க்கரைவள்ளிக் கேக் கொண்டுவந்தார்களாம், ஒருத்தர் அழுதாராம், இவனும். வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து போர்டு மார்க்கர் மூன்று, ப்ரொஜெக்டர் ரிமோட் ஒன்று.

ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு தம்பி. என் கணக்குச் சீட்டில் அதற்கு 38 யூரோ பிடித்தம் போட்டிருந்தார்கள், எனக்குத் தெரிந்து அது அலமாரிக்குப் பின்னால்தான் விழுந்து கிடந்தது. மார்க்கர் உனக்கே.